கேட்டில் நிற்கும் கன்டெய்னரும் கருவி எழுதிய நிரலும்

வெப் சர்வீஸ் என்பது ஒரு நிறுவனத்தின் கணினி இன்னொரு நிறுவனத்தின் கணினியிடம் இணையம் வழியாகக் கேட்டுப் பதில் வாங்கும் ஏற்பாடு. வடசென்னையில் இந்தப் பேச்சு இரவு பகலாக நடக்கிறது. ராயபுரத்தை ஒட்டிச் சென்னைத் துறைமுகம், அங்கிருந்து வடக்கே சுமார் 24 கி.மீ. தொலைவில் எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதன் பக்கத்திலேயே காட்டுப்பள்ளி என்று ஒரே கடற்கரையில் மூன்று துறைமுகங்கள் இருக்கின்றன. ஒரு இறக்குமதிக் கன்டெய்னர் கப்பலிலிருந்து இறங்கி மணலியிலோ திருவொற்றியூரிலோ உள்ள ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் கப்பல் ஏஜென்ட், சுங்கத்துறை, டெர்மினல், சி.எஃப்.எஸ். எனப்படும் கன்டெய்னர் சரக்கு நிலையம், டிரான்ஸ்போர்ட்காரர், ஜி.எஸ்.டி. போர்ட்டல் என்று அத்தனை பேரின் கணினிகளும் அந்த ஒரு பெட்டியைப் பற்றித் தகவல் பரிமாறிக்கொள்கின்றன.

இதில் ஒரு செய்தி தவறினால் அதற்கு ரூபாய்க் கணக்கு உண்டு. பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிச் சுங்கப் படிவத்தை உரிய நாளில் தாக்கல் செய்யாவிட்டால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். துறைமுக வாடகையும், பெட்டியைத் தாமதமாகத் திருப்பித் தருவதற்குக் கப்பல் நிறுவனம் போடும் டிடென்ஷனும் தனி. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் தொடங்கி எண்ணூர் விரைவுச்சாலையில் நீளும் ட்ரெய்லர் வரிசைக்குக் குறுகிய சாலை உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் கேட்டில் காட்ட வேண்டிய எண் கணினியில் ஏறவில்லையென்றால், வரிசை காலியாக இருந்தாலும் அந்த வண்டி ஓரங்கட்டித்தான் நிற்க வேண்டும்.

இந்தச் செய்திகளை அனுப்பிப் பெறும் நிரலை யாரும் முழுக்கக் கையால் எழுதுவதில்லை. சேவையை நடத்துபவர் ஒரு விவரக் கோப்பைத் தருவார். என்னென்ன கேட்கலாம், எந்தப் புலத்தில் எழுத்து, எதில் எண், எது கட்டாயம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கோட் ஜெனரேட்டர் அந்தக் கோப்பைப் படித்து ஜாவாவிலோ சி ஷார்ப்பிலோ ஆயிரக்கணக்கான வரிகளைச் சில நொடிகளில் கொட்டிவிடும். சோதனை ஓட்டத்தில் எல்லாம் சரியாகவே நடக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கும், அதுவும் பெரும்பாலும் உண்மையான சரக்கு வந்து நிற்கும்போது.

முதல் தலைமுறை

இந்தக் கருவிகளின் பொற்காலம் சோப் நெறிமுறையோடு தொடங்கியது. சோப் 1.1 2000 மே மாதத்தில் வெளியானது. சேவையை விவரிக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். 1.1 2001 மார்ச்சில் வந்தது. அப்பாச்சி ஆக்ஸிஸ், மைக்ரோசாஃப்ட் டாட்நெட், பிறகு ஜாவாவோடு சேர்ந்தே வந்த டபிள்யூ.எஸ்.இம்போர்ட் என்று வரிசையாகக் கருவிகள் முளைத்தன. ஜாவாவில் எழுதிய சேவையை டாட்நெட் அழைக்கும், எழுதுபவர் எக்ஸ்.எம்.எல்.லை ஏறிட்டும் பார்க்க வேண்டாம் என்பது வாக்குறுதி. நடைமுறையில் ஒரே கோப்பை இரண்டு கருவிகள் இரண்டு விதமாகப் படித்தன. செய்தியை எப்படிக் கட்டுவது என்பதிலேயே பல பாணிகள் இருந்தன. ஒரு பாணியில் கருவி எழுதியதை மற்றொன்றால் படிக்க முடியவில்லை. இந்தச் சண்டையைத் தீர்க்கவே 2004-இல் பேசிக் புரொஃபைல் என்ற பொது விதித் தொகுப்பு வந்தது. அது ஓரளவு அமைதியைக் கொண்டுவந்தது.

கருவியே காணாமல் போவது வேறு வகைத் துன்பம். 2006-இல் ஜாவா 6-உடன் இணைத்துத் தரப்பட்ட டபிள்யூ.எஸ்.இம்போர்ட், 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இலிருந்து நீக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேலாகத் தொடாமல் ஓடிய நிரல்கள், ஜாவாவைப் புதுப்பித்த அன்றைக்கே கம்பைல் ஆக மறுத்தன. விடுபட்ட பகுதிகளைத் தனியே தேடி இணைக்க வேண்டியிருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தால், அந்த நிரல் எந்த விவரக் கோப்பிலிருந்து பிறந்தது என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தத் தலைமுறையின் மிகப் பொல்லாத பிழை சத்தமே போடாதது. டாட்நெட்டின் பழைய கருவி, கட்டாயமில்லாத ஒரு எண் புலத்தைக் கண்டால் அதற்கு இரண்டு உறுப்புகளை உண்டாக்கும். ஒன்று எண்ணுக்கு. மற்றொன்று அதே பெயரோடு 'ஸ்பெசிஃபைட்' என்ற ஒட்டுச் சேர்ந்தது. இந்த எண்ணை அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்லும் ஆம்–இல்லை குறி. பொதிகளின் எண்ணிக்கை 240 என்று எண்ணில் போட்டுவிட்டு, இரண்டாவது குறியை 'ஆம்' என்று மாற்ற மறந்தால் 240 வெளியே போகாது. நிரல் பிழை காட்டாது. அந்தப் புலம் கட்டாயமில்லாதது என்பதால் செய்தி, ஸ்கீமா எனப்படும் வடிவ விதிகளின் சோதனையையும் தாண்டிவிடும். டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால் 240 அழகாகத் தெரியும். கம்பியில் போன செய்தியை எடுத்துப் பார்த்தால் அந்த வரியே இருக்காது. அனுப்பியவர் "நாங்கள் அனுப்பினோம்" என்பார், பெற்றவர் "வரவில்லை" என்பார். இருவர் சொல்வதும் அவரவர் திரையில் உண்மைதான்.

ஜாவா பக்கம் இதே கேள்விக்கு வேறு விடை. 'இல்லை', 'வெறுமை', 'சுழியம்' மூன்றையும் பிரித்துக் காட்டுவதற்காக இப்படிப்பட்ட ஒவ்வொரு மதிப்பையும் ஒரு உறைக்குள் போட்டு வைக்கும். தகவல் தொலையாது. ஆனால் ஒரு கன்டெய்னர் எண்ணை எடுப்பதற்கு நாலு உறை பிரிக்க வேண்டியிருப்பதைப் பார்த்தவர்கள், கையாலேயே எழுதியிருக்கலாம் என்று நினைப்பதில் வியப்பில்லை.

ஜேசன் வந்த பிறகு

சோப்பின் கனம் தாங்காமல்தான் உலகம் ஜேசன் என்ற எளிய உரை வடிவத்துக்குத் தாவியது. கொஞ்ச காலம் விவரக் கோப்பே வேண்டாம் என்ற விடுதலை உணர்வு இருந்தது. அது நீடிக்கவில்லை. ஸ்வாகர் என்ற விவர முறை வந்தது. 2015 நவம்பரில் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் ஓப்பன்ஏபிஐ அமைப்பு உருவாகி அதை ஏற்றுக்கொண்டது. 2017-இல் 3.0, 2021-இல் 3.1 என்று பதிப்புகள் வளர்ந்தன. ஜெனரேட்டர்களும் திரும்பி வந்தன. 2018 மே மாதத்தில் ஸ்வாகர் கோட்ஜென் திட்டத்தின் முக்கியப் பங்களிப்பாளர்கள் 40-க்கும் மேற்பட்டோர் பிரிந்து ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டர் என்ற தனிக் கருவியைத் தொடங்கினார்கள். பயன்படுத்துகிறவர்களுக்கு இது தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. ஒரே கோப்புக்கு இரண்டு கருவிகள், ஒவ்வொன்றிலும் மொழிக்கு மொழி தனி வார்ப்பு, ஒவ்வொரு வார்ப்புக்கும் தனிப் பழுது.

பெயர் வைக்காத அமைப்பைக் கண்டால் கருவி தானாக 'இன்லைன்ரெஸ்பான்ஸ்200' என்று பெயரிடும். அடுத்ததற்கு 'இன்லைன்ரெஸ்பான்ஸ்2001'. விவரக் கோப்பின் நடுவில் ஒரு சேவையைச் செருகினால் எண்கள் இடம் மாறும். நேற்று டெலிவரி ஆர்டரைக் குறித்த கிளாஸ் இன்று கேட் பாஸைக் குறிக்கும். நிலைக் குறியீடுகளின் பட்டியலில் எதிர்த்தரப்பு புதிதாக ஒன்றைச் சேர்த்தால், பழைய பட்டியலை வைத்துப் பிறந்த நிரல் முழுச் செய்தியையும் படிக்க மறுத்துக் கவிழ்ந்துவிடும். யாரும் தவறு செய்யாமலேயே நேரும் விபத்து இது.

ஆனால் இந்தக் கடற்கரையில் பலருக்கு முறையான ஓப்பன்ஏபிஐ கோப்பே கைக்கு வருவதில்லை. பி.டி.எஃப்., எக்செல் தாள், நடுவில் ஒரு மாதிரிச் செய்தி என்ற அளவில்தான் விவரம் வரும். அந்த மாதிரியை விஷுவல் ஸ்டுடியோவில் ஒட்டினால் கிளாஸ் தயாராகிவிடும். மாதிரியில் எடை 18240 என்றிருந்தால் அது முழு எண் என்று கருவி முடிவு செய்யும். மூன்று வாரம் கழித்து 18240.5 என்று ஒரு பெட்டி வரும்போது நிரல் நிற்கும். மாதிரியில் காலியாக விட்ட புலம் என்ன வகை என்று கருவிக்குத் தெரியாது. ஏதோ ஒரு பொருள் என்று போட்டுவிடும்.

எண்ணா எழுத்தா என்ற குழப்பத்துக்குச் சுங்க அட்டவணையே நல்ல சோதனை. இறால், நண்டு முதலியவை 0306 என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. அதன்கீழுள்ள எட்டு இலக்கக் குறியீடுகளும் சுழியத்தில்தான் தொடங்கும். அந்தப் புலத்தை எண் என்று எழுதிவிட்டால் முன்சுழியம் போய் எட்டு இலக்கம் ஏழாகிவிடும், இறால் பெட்டி திரும்பி வரும். இரும்புக்கும் இயந்திரத்துக்கும் உரிய குறியீடுகள் 7-லும் 8-லும் தொடங்குவதால் அந்தச் சரக்கை மட்டும் அனுப்புபவருக்கு இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் தெரியாமலே இருக்கும். குளிர்பெட்டியில் கடல் உணவு ஏற்றும் முதல் வாடிக்கையாளர் வரும் நாளில்தான் வெளிப்படும்.

மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இரண்டு சேவைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் பிரச்சினை இன்னும் தெளிவாகும். சரக்கு வண்டியோடு செல்ல வேண்டிய இ-வே பில் 2018 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. விற்பனைப் பில்லை அரசுத் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1-இல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கி, 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் வரை இறங்கி வந்தது. திருவொற்றியூரில் இருக்கும் நடுத்தரத் தொழிற்சாலையும் இப்போது இரண்டையும் பயன்படுத்தியாக வேண்டும். இரண்டிலும் அனுப்புநரின் மாநிலக் குறியீடு உண்டு, தமிழ்நாட்டுக்கு 33. இ-வே பில்லில் அது எண். இ-இன்வாய்ஸில் அது எழுத்துச் சரம். ஒரே முகவரிக்கு ஜெனரேட்டர் இரண்டு கிளாஸ்களைத் தரும், இடையில் மாற்றித் தரும் நிரலை ஆள்தான் எழுத வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் இப்படிப்பட்ட சின்ன விஷயங்கள் நூறு சேரும்போது, கருவி மிச்சப்படுத்திய நேரம் முழுதும் கரைந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை மறையாக்கம். இந்தச் சேவைகளில் பில்லின் முழு விவரத்தையும் முதலில் ஜேசனாகக் கட்டி, உள்நுழையும்போது கிடைத்த திறவுகோலால் பூட்டி, ஒற்றை எழுத்துச் சரமாக்கி 'டேட்டா' என்ற புலத்தில் வைத்து அனுப்ப வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும் ஜெனரேட்டருக்குத் தெரிவது அந்த ஒரு சரம் மட்டும்தான். அது பெருமையாக ஒரே ஒரு புலம் கொண்ட கிளாஸை எழுதித் தரும். பூட்டுவது, திறப்பது, திறவுகோலைக் காலாவதியாகும் முன் புதுப்பிப்பது ஆகிய உண்மையான வேலை எதுவும் அதில் இருக்காது.

பதில் வரும் விதமும் அப்படியே. ஒரே இன்வாய்ஸை மறுபடி அனுப்பினால் 2150 என்ற பிழை எண்ணோடு 'ஏற்கெனவே பதிவானது' என்ற பதில் வரும். எச்.டி.டி.பி. அளவில் அது 200, அதாவது வெற்றி. உள்ளே இருக்கும் நிலைப் புலம்தான் 0 என்று தோல்வியைச் சொல்லும். ஜெனரேட்டர் எழுதிய நிரல் 200-ஐப் பார்த்து வெற்றி என்று எண்ணிக்கொள்ளும். இதோடு வரும் கூடுதல் தகவலில் 'டெஸ்க்' என்ற புலம் ஒரு சூழலில் ஒற்றைப் பொருளாகவும், இ-வே பில் பிழை என்றால் பட்டியலாகவும் இருக்கும். ஒரு புலத்துக்கு ஒரு வகைதான் என்று அடம்பிடிக்கும் கருவிக்கு இது செரிக்காது. இங்கே கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒப்பந்தத்தை அப்படி எழுதியிருக்கிறார்கள்.

சுங்கமும் துறைமுகமும்

ராஜாஜி சாலையில் உள்ள சுங்க இல்லத்தோடு பேசும் கதை இன்னும் பழையது. சுங்கத்துறையின் மின்தரவு அமைப்பான ஐ.சி.இ.எஸ். 1995-இல் தில்லியில் தொடங்கியது. அதன் இணைய வாசலான ஐஸ்கேட் வழியாகச் செல்லும் பில் ஆஃப் என்ட்ரியும், ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லும் நெடுங்காலமாக வரிவரியான உரைக் கோப்புகள். புலத்துக்கும் புலத்துக்கும் நடுவே காற்புள்ளிகூடக் கிடையாது. அஸ்கி 29 என்ற கண்ணுக்குத் தெரியாத குறிதான் வேலி. கோப்பை நோட்பேடில் திறந்து ஒரு எழுத்தைத் திருத்திச் சேமிப்பவர் அந்தக் குறி ஒன்றைத் தெரியாமல் அழித்துவிட்டால், அதற்குப் பின்னாலுள்ள புலங்கள் எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போகும். டபிள்யூ.எஸ்.டி.எல்.லும் இல்லை, ஓப்பன்ஏபிஐயும் இல்லை என்பதால் ஜெனரேட்டருக்கு இங்கே வாசலே கிடையாது. கஸ்டம்ஸ் புரோக்கர்களுக்கு மென்பொருள் செய்து தருபவர்கள் இதைக் கையால் எழுதினார்கள். விந்தை என்னவென்றால், அந்த நிரல்கள் பல கருவி எழுதியவற்றைவிட நீண்ட நாள் ஓடுகின்றன. எந்தப் புலம் எதற்கு என்று எழுதியவருக்குத் தெரியும் என்பதுதான் காரணம்.

2018-இன் கடல் சரக்குப் பட்டியல் விதிகள் ஜேசனைக் கொண்டுவந்தன. 2019 ஆகஸ்ட் 1 முதல் என்று சொல்லப்பட்ட நடைமுறை, இடைக்கால ஏற்பாடு என்று பலமுறை தள்ளிப் போனது. இந்த இடைவெளியில் விவரத் தாள்கள் திருத்தப்பட்டன. ஆரம்பத்திலேயே சுறுசுறுப்பாக நிரலை உருவாக்கி வைத்தவர்கள் மறுபடி மறுபடி உருவாக்க வேண்டியதாயிற்று. இந்தச் செய்திகளில் டிஜிட்டல் கையொப்பமும் உண்டு. கையொப்பம் இடப்படுவது பொருளின் மீது அல்ல, அந்த எழுத்துக் கோவையின் மீது. கருவி எழுதிய நிரல் செய்தியைப் படித்துத் திரும்ப எழுதும்போது புலங்களின் வரிசையை மாற்றினாலோ வெற்றுப் புலத்தை விட்டுவிட்டாலோ பொருள் மாறாது, கையொப்பம் மட்டும் செல்லாமல் போகும்.

துறைமுகங்களின் பொதுத் தளமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இந்தியத் துறைமுகச் சங்கத்தின் போர்ட் கம்யூனிட்டி சிஸ்டம் 2007-இல் வந்தது. 2018 டிசம்பரில் பி.சி.எஸ்.1எக்ஸ், 2023-இல் தேசிய லாஜிஸ்டிக்ஸ் போர்ட்டலின் கடல்சார் பகுதி. ஒவ்வொரு மாற்றமும் பயனருக்குப் புதிய திரை. இணைப்பு எழுதியவருக்குப் பழைய ஜெனரேட்டர் வேலை மொத்தமும் வீண். இதற்கு நடுவே டெர்மினல்களும் கப்பல் நிறுவனங்களும் 1987-இல் சர்வதேசத் தரமான எடிஃபாக்ட் செய்திகளை விடவில்லை. கேட்டில் பெட்டி நுழைந்தால் கோடெகோ, கப்பலில் எந்த இடத்தில் எந்தப் பெட்டி என்பதற்கு பேப்ளி. தரம் ஒன்று, ஆனால் எந்தப் புலத்தை எப்படி நிரப்புவது என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிக் கையேடு.

மறு உருவாக்கத்தின்போது நடக்கும் பொதுவான சேதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கருவி கொட்டிய நிரலில் ஒரு சிறு பழுதைக் கண்டவர் அந்தக் கோப்பிலேயே திருத்திவிடுவார். 'இந்தக் கோப்பில் கை வைக்காதே' என்ற எச்சரிக்கை மேலேயே இருக்கும், யாரும் படிப்பதில்லை. அடுத்த பதிப்பு வந்து மறுபடி உருவாக்கும்போது திருத்தம் சுவடில்லாமல் அழிந்துவிடும். ஏற்கெனவே தீர்த்த பிழை இரண்டாம் முறை வாடிக்கையாளரிடமிருந்து புகாராக வரும்.

ஸ்கீமா சொல்லாதவை

இவ்வளவு கோளாறுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. விவரக் கோப்பு செய்தியின் வடிவத்தைச் சொல்கிறது. அதன் பொருளைச் சொல்வதில்லை. கன்டெய்னர் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஸ்கீமாவில் அது பதினோரு எழுத்துள்ள சரம், அவ்வளவுதான். ஐ.எஸ்.ஓ. 6346 தரப்படி அதன் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். சி.எஸ்.க்யூ.யு. 305438-3 என்ற எண்ணில் நான்கு எழுத்துகளுக்கும் 13, 30, 28, 32 என்று மதிப்பு. இவற்றையும் அடுத்த ஆறு இலக்கங்களையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எடைகளால் வரிசையாகப் பெருக்கிக் கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3, அதுதான் கடைசி இலக்கம். தட்டச்சில் ஒரு இலக்கம் பிசகினால் இந்தக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். டெர்மினலின் கணினி இதைப் பார்க்கும். ஜெனரேட்டர் எழுதிய நிரல் பார்க்காது. பதினோரு எழுத்து இருக்கிறதா என்றுதான் பார்க்கும், பல நேரம் அதையும் பார்க்காது.

எடையும் அப்படித்தான். 2016 ஜூலை 1 முதல் ஏற்றுமதிப் பெட்டியின் சரிபார்த்த மொத்த எடையை, வி.ஜி.எம். என்று துறையில் சொல்வதை, கப்பலில் ஏற்றும் முன் கொடுத்தாக வேண்டும். கருவி அதை ஒரு தசம எண்ணாகத் தரும். அது கிலோவா டன்னா என்று வகையில் எழுதியிருக்காது. செய்திகளின் வரிசையும் எங்கும் எழுதியிருக்காது: எதை முதலில் அனுப்ப வேண்டும், பதில் வராமல் இணைப்பு அறுந்தால் திரும்ப அனுப்பலாமா, அனுப்பினால் இரண்டு பதிவாகுமா. இந்தக் கேள்விகளுக்கு விடை சுற்றறிக்கைகளிலும், சுங்க இல்லத்துக்கும் கேட்டுக்கும் நடந்து பழகிய ஊழியர்களின் அனுபவத்திலும்தான் கிடக்கிறது.

2021-இல் அறிமுகமான கோபைலட்டுக்குப் பிறகு பரவிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்தக் குறையை வேறு திசையில் கொண்டுபோகின்றன. இவை விவரக் கோப்பே இல்லாமலும் எழுதும். பரவலாகப் பயன்படும் அமெரிக்கச் சேவைகளுக்கு நன்றாகவே எழுதுகின்றன. பொது வெளியில் மாதிரி நிரல் குறைவாக உள்ள சுங்கச் செய்திக்கு, இருக்க வேண்டும் என்று தோன்றும் புலத்தை இருப்பதாகவே எழுதிவிடுகின்றன. பழைய ஜெனரேட்டர் தெரியாததைத் தெரியாது என்று விட்டது. புதியது நம்பிக்கையோடு இட்டு நிரப்புகிறது. பிழை சரளமான தோற்றத்தோடு வருவதால் மேலாய்வு செய்பவரும் ஏமாந்துபோகிறார். மறுபுறம், சுற்றறிக்கையைப் படித்து முந்தைய பதிப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று பட்டியலிடும் வேலையில் இவை பழைய கருவிகளைவிட உதவியாக இருக்கின்றன.

பட்டுத் தெளிந்த குழுக்கள் கருவியைத் தூக்கி எறிவதில்லை, அதன் எல்லையைக் குறுக்கிவிடுகின்றன. கருவி எழுதியதை ஒரு தனிப் பகுதியில் பூட்டி வைத்து, தங்கள் நிரலுக்கும் அதற்கும் நடுவே மெல்லிய அடுக்கு ஒன்றைக் கையால் எழுதுகிறார்கள். 'ஸ்பெசிஃபைட்' குறி, மாநிலக் குறியீட்டு மாற்றம், சோதனை இலக்கம், கிலோ–டன் எல்லாம் அங்கே கவனிக்கப்படும். விவரக் கோப்பின் ஒவ்வொரு பதிப்பையும் நிரலோடு சேர்த்துச் சேமித்து, மறு உருவாக்கத்தை ஒவ்வொரு பில்டிலும் தானாக நடக்கும்படி வைக்கிறார்கள். கையால் திருத்த வழியே இருக்காது. தெரியாத நிலைக் குறியீடு வந்தால் கவிழாமல் 'மற்றவை' என்று ஏற்கிறார்கள். நான்கைந்து அழைப்புகளே உள்ள சிறு சேவை என்றால் ஜெனரேட்டரையே தொடாமல் நேரடியாக எழுதிவிடுகிறார்கள். உண்மையாகப் போய்வந்த செய்திகளை, ரகசியங்களை அழித்துவிட்டு, சோதனைக்காகச் சேர்த்து வைப்பது எல்லாவற்றிலும் பயனுள்ளது. மறுக்கப்பட்ட செய்திகள் அந்தச் சேகரிப்பில் அதிகம் இருந்தால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் செய்தும் ஒரு செய்தி ஏறாமல் நின்றால் கஸ்டம்ஸ் புரோக்கருக்கு மாற்று வழி இருக்கிறது. சுங்க இல்லத்தின் சர்வீஸ் சென்டரில் தாளில் விவரத்தைக் கொடுத்தால், ஊழியர் தட்டச்சு செய்து செக்லிஸ்ட் எடுத்துத் தருவார். அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் பில் தாக்கலாகிவிடும்.